எம்.சி. ராஜா: ஒற்றுமையின் விலையைக் கேட்டவர்

ஒடுக்கப்பட்டோர் தமக்கெனத் தனியே அணிதிரளும்போதெல்லாம் பிரிவினை என்ற குற்றச்சாட்டு எழுகிறது. அக்குற்றச்சாட்டை எடைபோட எம்.சி. ராஜாவின் அரசியல் வாழ்வு இன்றும் உதவுகிறது.

1883இல் சென்னைப் பரங்கிமலையில் பிறந்த ராஜா, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். பார்ப்பனரல்லாதார் ஒற்றுமையை முன்வைத்த நீதிக்கட்சியுடன் இணைந்து, 1920இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். இழிவுப் பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்னும் பெயர்களை அரசு ஏற்க வேண்டுமென 1922இல் மன்றம் தீர்மானம் நிறைவேற்றியதில் அவரது பங்கு முதன்மையானது.

ஆனால், அந்த ஒற்றுமை அதற்கு முன்பே விரிசல் கண்டிருந்தது. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்புக் கலவரமாக வெடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்களோ பாதிக்கப்பட்டவர்கள் மீதே பழி சுமத்தினர். தொழிலாளர் ஒற்றுமையும் பார்ப்பனரல்லாதார் ஒற்றுமையும் சேரியின் எல்லையில் ஒருசேர நின்றுவிட்டன. 1923இல் ராஜா அக்கட்சியிலிருந்து வெளியேறினார்.

பின்னர் மத்திய சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராகி, அகில இந்திய அளவில் அறியப்பட்ட தலைவரானார். எனினும், வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனுமே அழைக்கப்பட்டனர். தனி வாக்காளர் தொகுதியை முன்பு ஆதரித்த ராஜா, 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு, ஒதுக்கீட்டு இடங்களுடன் கூடிய கூட்டுத் தொகுதியை ஏற்றார். இம்முறை அவர் நம்பியது இந்து ஒற்றுமையை. ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு தனித்தொகுதி உரிமையை வழங்க, காந்தியார் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. சென்னை மாகாணத்தில் ஒதுக்கீட்டு இடங்கள் 18இலிருந்து 30ஆக உயர்ந்தன. ஆனால், இறுதித் தேர்வு சாதி இந்துப் பெரும்பான்மை வாக்காளர் கைக்குப் போனது.

அந்த நம்பிக்கை 1938இல் சோதனைக்குள்ளானது. பொதுவெளித் தடைகளை நீக்கும் ராஜாவின் மசோதா சட்டமாயிற்று. ஆனால், அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவைப் பிரதமர் இராஜாஜி ஏற்கவில்லை. மலபாருக்கு மட்டுமான சட்டமே போதுமென்றார். ராஜா காந்தியாருக்கு எழுதினார். இராஜாஜியை நம்புமாறே பதில் வந்தது. மசோதா தோற்றது. பூனாவில் ஒற்றுமைக்காக உரிமையை விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கோயில் வாசல்கூடத் திறக்கவில்லை.

ராஜா தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளத் தயங்கவில்லை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவை அம்பேத்கருடன் இணைந்தே சந்தித்தார். பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் அணிகளில் நின்ற இருவரும், ஒடுக்கப்பட்டோருக்குப் பாதுகாப்பில்லாத அரசமைப்புத் திட்டத்தை ஒரே குரலில் எதிர்த்தனர். மறுஆண்டு ஆகஸ்டில் ராஜா மறைந்தார்.

அவரைத் துரோகி என்று ஒதுக்குவதும், தேசிய ஒற்றுமையின் நாயகர் என்று கொண்டாடுவதும் எளிது. இரண்டுமே அவர் வாழ்வின் பாதியை மறைக்கின்றன. அவர் மூன்று ஒற்றுமைகளின் வாசலில் நின்றவர். மூன்றிலும் விட்டுக்கொடுக்கும் பொறுப்பு ஒடுக்கப்பட்டோருக்கே விதிக்கப்பட்டதைக் கண்டவர். பிரிவினையைச் சேரியும் ஊருமாகச் சாதி முன்பே நிலத்தில் வரைந்துவிட்டது. தனித்தொகுதிக் கோரிக்கை அக்கோட்டைச் சுட்டிக்காட்டியது, அதை வரையவில்லை. இன்று கூட்டணிக்கு அழைக்கப்படும் இளைஞர்கள், அந்த ஒற்றுமைக்கு யார் எதைக் கொடுக்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.