தோற்ற வழக்கின் மனுதாரர்: ஏ. கே. கோபாலன்

ஏ. கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கைச் சட்டம் பயின்ற நாம் அனைவரும் தேர்வுக்காகவேனும் படித்திருப்போம். அந்தக் கோபாலன் யார் என்பதை வகுப்பறைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

1904இல் கண்ணூர் அருகே பெரளசேரியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆதிக்கச் சாதியில் பிறந்தும், கண்டோத்தில் தலித் மக்களோடு பொதுவழியில் ஊர்வலம் சென்றதற்காகக் கடுமையாகத் தாக்கப்பட்டார். 1931இல் குருவாயூர் ஆலய நுழைவுப் போராட்டத்தில் தொண்டர்படைத் தலைவராக நின்றார். பின்னர் கம்யூனிஸ்டானார். 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பினார். விடுதலை நாளான 1947 ஆகஸ்ட் 15 அவருக்குச் சிறையில்தான் விடிந்தது.

வெளியே வந்த அவர், அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார். குற்ற வழக்குகளில் பெற்ற தண்டனைகள் ரத்தான பின்னும் சிறைக்கதவு திறக்கவில்லை. 1950 மார்ச் 1 அன்று, சிறைக்குள்ளேயே அவரிடம் தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் புதிய ஆணை நீட்டப்பட்டது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை. குற்றத்தைப் புலனாய்ந்து நிரூபிக்க இயலாத காவல்துறைக்கு, நிரூபிக்கவே தேவையற்ற ஒரு வழி கிடைத்திருந்தது.

ஒருவரின் உடல்சார் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அவருக்காக எம். கே. நம்பியார் வாதிட்டார். 21ஆம் உறுப்பின் சொற்கள் அந்த அளவுக்குப் பாதுகாப்புத் தரவில்லை என்பதை உணர்ந்தே அம்பேத்கர், அரசியல் நிர்ணய சபையில் இன்றைய 22ஆம் உறுப்பைக் கொண்டுவந்தார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்துவதும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையும் அதில்தான் உள்ளன. ஆனால் அதே உறுப்பு தடுப்புக்காவலுக்கு விலக்களித்தது. கோபாலன் சிக்கியது அந்த விலக்கில்.

1950 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் நம்பியாரின் வாதத்தை நிராகரித்தது. நீதிபதி பசல் அலி அதனை ஏற்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். எனினும் ஆறு நீதிபதிகளும் ஒன்றில் ஒத்துப்போயினர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடக் காட்டக் கூடாது என்ற 14ஆம் பிரிவு செல்லாது என்றனர். பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும் இதுவே அந்த வழக்கின் பெரும்பயன் என்பது எம் கருத்து. குண்டர் சட்டக் காவலுக்கு எதிரான ஆட்கொணர்வு மனுக்களில் இன்று நாம் அந்தக் காரணத்தாளை நீதிபதிகள் முன் விரித்துவைத்துத்தான், தரப்படாத பக்கங்களையும் காலந்தாழ்ந்து பரிசீலிக்கப்பட்ட முறையீட்டையும் சுட்டிக்காட்டுகிறோம்.

1952 முதல் 1977 வரை அவர் மக்களவை உறுப்பினர். நெருக்கடி நிலை விலக்கப்பட்டதற்கு மறுநாள், 1977 மார்ச் 22 அன்று மறைந்தார். பத்து மாதங்களுக்குப் பின், கடவுச்சீட்டைப் பறித்தது தொடர்பான மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தடுப்புக்காவலை அனுமதிக்கும் உட்பிரிவுகள் 22ஆம் உறுப்பில் இன்னும் இருக்கின்றன.