மாஹிம் கடற்கரையின் அறிஞர்

மும்பையின் மாஹிம் ரயில் நிலையத்தில் இறங்குவோருக்குக் கிழக்கே தாராவி, மேற்கே மாஹிம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழில் செய்த தமிழ் முஸ்லிம்கள் குடியேறிய தாராவியில், 1887ஆம் ஆண்டு பெரிய பள்ளிவாசல் எழுந்தது. அதற்கு ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, ரயில் பாதைக்கு அப்பாலுள்ள மாஹிமில் பேரறிஞர் ஒருவர் வாழ்ந்து மறைந்திருந்தார். அவர் பெயர் மக்தூம் அலி மாஹிமி.

ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் அவருடைய அடக்கத்தலத்தில் பத்து நாள் விழா நடைபெறுகிறது. கடலோரத்தில் ராட்டினங்கள் சுழலும்; தின்பண்டக் கடைகள் நிறையும். விழாவின் தொடக்கத்தில் மும்பைக் காவல் துறையினர் சந்தனமும் போர்வையும் ஏந்தி ஊர்வலமாக வந்து செலுத்துவது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதற்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட பல கதைகள் உண்டு. விழாவுக்கு வருவோரில் இந்துக்களும் கிறித்தவர்களும் இருக்கின்றனர். ஆயினும், அங்கே அடங்கியிருப்பவர் நூல்கள் பல எழுதிய அறிஞர் என்பதை அறிந்தோர் அக்கூட்டத்தில் மிகச் சிலரே. அற்புதங்கள் செய்த மகான் என்றே பெரும்பாலோர் அவரைப் போற்றுகின்றனர்.

மக்தூம் அலி 1372இல் பிறந்தார் என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. இன்றைய மும்பை அப்போது ஒரே நகரமன்று. கடலும் கழிமுகமும் பிரித்த ஏழு தீவுகளாக இருந்தது. அவற்றுள் மாஹிம் சிறந்த துறைமுகம். தாராவியோ கழியின் கரையில் கோலி மீனவர்கள் வலை உலர்த்திய சிற்றூர். மாஹிம் துறைக்கு அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் மரக்கலங்கள் வந்தன. குதிரைகளும் பேரீச்சம் பழங்களும் வந்து இறங்கின. அவற்றோடு நூல்களும் அவற்றைக் கற்றறிந்தவர்களும் வந்தனர்.

அவருடைய குடும்பம் நவாயத் என்னும் மரபைச் சார்ந்தது. அரபு நாட்டிலிருந்து கடல் வழியாக வந்து கொங்கணக் கரையில் குடியேறிய வணிகர்களின் வழித்தோன்றல்கள் என்று அம்மரபினர் தம்மைக் கூறிக்கொள்வர். தமிழருக்கும் இம்மரபு முற்றிலும் அறிமுகமற்றதன்று. 1714இல் செஞ்சியின் தேசிங்கு ராஜனோடு போரிட்ட ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் நவாயத் மரபினரே.

தந்தை செல்வ வணிகர், கல்வியிலும் நாட்டமுடையவர். தாயார் பெயர் ஃபாத்திமா. இத்தகைய இல்லத்தில் பிறந்த குழந்தை முதலில் கேட்பது பாங்கொலி. முதலில் கற்பது கலிமா. இறைவனைத் தவிர வணக்கத்துக்குரியவர் வேறெவருமில்லை, முஹம்மது நபி இறைவனின் தூதர் என்னும் உறுதிமொழியே கலிமா. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் இதுவே முதலாவது. ஏனைய நான்கும் இதன்மேல் நிற்கின்றன. இறைவன் ஒருவனே, அவனுக்கு உருவமில்லை, இணையில்லை. வானவர்கள் உண்டு, இறைவன் அருளிய வேதங்கள் உண்டு, இறைத்தூதர்கள் பலர் உண்டு. ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா என்று முஸ்லிம்கள் போற்றும் நபிமார்களையே கிறித்தவர்கள் ஆதாம், நோவா, ஆபிரகாம், மோசே, இயேசு என்று வழங்குகின்றனர். ஆயினும் ஈஸாவை இறைவனின் மகனாக அன்றி, இறைத்தூதராகவே முஸ்லிம்கள் கருதுகின்றனர். அத்தூதர்களின் வரிசையில் இறுதியானவர் மக்காவில் பிறந்த முஹம்மது நபி. மனிதர் அனைவரும் இறந்தபின் எழுப்பப்பட்டுத் தம் செயலுக்குக் கணக்குக் கொடுக்கும் நாள் ஒன்று வரும். நன்மையும் தீமையும் இறைவன் வகுத்த விதிக்கு உட்பட்டவை. இவை அச்சிறுவனின் உள்ளத்தில் பதிந்த நம்பிக்கைகள்.

சிறு வயதிலேயே அலி தந்தையை இழந்தார். மாஹிமில் கற்கக் கிடைத்ததைக் கற்று முடித்தபின் அவருடைய அறிவுத் தாகம் அடங்கவில்லை. அக்காலத்தில் உயர்கல்வி விரும்பிய மாணவர் ஊரைவிட்டுப் புறப்படுவதே மரபு. ஆசிரியர் இருக்கும் நகரைத் தேடி மாதக்கணக்கில் பயணம் செய்வர். திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும். சிலர் திரும்பாமலேயே போவதும் உண்டு. துறையில் மரக்கலங்களும் நின்றன. பயணத்துக்கு வேண்டிய பொருளும் இல்லத்தில் இருந்தது. ஆனால் கணவரை இழந்த தாயாருக்கு மகனைப் பிரிய மனமில்லை. போகக்கூடாது என்று அவர் தடுத்ததாகவும் கதையில்லை. பிரிவை எண்ணி அவர் கலங்கியதைக் கண்ட மகன் தாமே பயணத்தைக் கைவிட்டார் என்றே வழங்குகிறது. கல்வியை விட்டுக்கொடுப்பது அச்சிறுவனுக்கு எளிதாக இருந்திராது. தம் பொருட்டு மகனின் கல்வி தடைப்பட்டதே என்று தாயாரும் வருந்தி இறைவனிடம் இறைஞ்சினாராம்.

அதன்பின் நடந்ததாக மக்கள் சொல்வது இது. ஒரு நாள் கடற்கரையில் அலி தனியே நடந்து கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். நாள்தோறும் அங்கு வந்தால் தாமே கற்பிப்பதாகக் கூறினார். அம்முதியவர் கிள்ரு நபி என்பது நம்பிக்கை. மூஸா நபிக்கே பொறுமையைக் கற்பித்த இறையடியார் ஒருவரைப் பற்றித் திருக்குர்ஆன் பேசுகிறது. அவர் பெயரை அது குறிப்பிடவில்லை. அவரே கிள்ரு என்று முஸ்லிம் மரபு கூறுகிறது. கதையை அப்படியே ஏற்போர் ஏற்கலாம். ஏற்கத் தயங்குவோரும் ஒன்றை மறுக்க இயலாது. உலகின் பல திசைகளிலிருந்தும் மனிதர் வந்திறங்கும் துறைமுகத்தில், கடற்கரையே ஒரு கல்விச்சாலையாக இருந்திருக்கக்கூடும்.

தாயாரைப் பற்றிய மற்றொரு கதை இதனினும் புகழ்பெற்றது. ஓர் இரவு தாயார் தண்ணீர் கேட்டார். மகன் கிண்ணத்தில் நீர் கொண்டு வருவதற்குள் அவர் உறங்கிவிட்டார். எழுப்பினால் உறக்கம் கெடும்; வைத்துவிட்டுப் போனால் விழித்ததும் தேட நேரும். ஆகவே அலி கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி கட்டிலருகே நின்றார். வைகறைத் தொழுகைக்காகத் தாயார் கண்விழித்தபோதும் அவர் அங்கேயே நின்றிருந்தார்.

இதே போன்ற நிகழ்ச்சி பாரசீக ஞானி பாயஸீத் பிஸ்தாமியைப் பற்றியும் சொல்லப்படுகிறது. நபிமொழித் தொகுப்புகளில், குகையில் அகப்பட்ட மூவர் கதையில், முதிய பெற்றோருக்காகப் பால் கிண்ணத்துடன் விடியுமட்டும் காத்து நின்ற ஒருவர் வருகிறார். எனவே இந்நிகழ்ச்சி மாஹிமில் உள்ளவாறே நடந்ததா என்று ஆராய்வதில் பெரும் பயனில்லை. இஸ்லாம் பெற்றோர்க்குத் தரும் இடத்தை அறிந்தால் கதையின் பொருள் விளங்கும். இறைவன் ஒருவனையே வணங்குக என்று பணித்த அதே இடத்தில், பெற்றோரிடம் நன்முறையில் நடந்துகொள்ளுமாறும் திருக்குர்ஆன் பணிக்கிறது. முதுமையில் அவர்களிடம் சலிப்பாக ஒரு சிறு சொல்லும் சொல்லலாகாது என்கிறது. பயணத்தைத் துறந்த மகனுக்கு இக்கதையை மக்கள் உரிமையாக்கியதில் வியப்பில்லை.

அலியின் ஒரு நாளைப் பள்ளிவாசலின் பாங்கொலியே பகுத்தது. விடியற்காலையில் சுபுஹு, நண்பகலுக்குப் பின் லுஹர், மாலையில் அஸர், கதிரவன் மறைந்ததும் மக்ரிப், இரவில் இஷா என ஐவேளைத் தொழுகை முஸ்லிமின் இரண்டாம் கடமை. தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரையிலான கைகள் ஆகியவற்றைக் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவி, கால்களையும் கழுவித் தூய்மை செய்வது ஒளு எனப்படும். தொழுவோர் மக்காவிலுள்ள கஅபாவை நோக்கி நிற்பர். அது மாஹிமிலிருந்து மேற்கே, கடலின் பக்கம். துறைமுதலாளியும் சுமை தூக்குபவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர நிற்பர்; முன்வரிசை எவருக்கும் உரிமையாக ஒதுக்கப்படுவதில்லை.

ரமலான் மாதத்தில் வைகறை முதல் கதிரவன் மறையும்வரை உண்ணாமலும் பருகாமலும் நோன்பு நோற்பது மற்றொரு கடமை. நோயாளிக்கும் பயணிக்கும் இதில் விலக்கு உண்டு, பின்னர் ஈடுசெய்துகொள்ளலாம். தாராவியில் நோன்பு திறக்கும் வேளையில் மணக்கும் நோன்புக் கஞ்சி தமிழ்நாட்டிலிருந்து வந்த வழக்கம். மாஹிமின் கொங்கணி இல்லங்களில் உணவு வேறு, நோன்பு ஒன்றே. ஜகாத் என்பது செல்வத்தின்மீது விதிக்கப்பட்ட கடமை. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சேமிப்பு ஓராண்டு கையில் இருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்கும் பிற உரியவர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். இது கொடுப்பவரின் பெருந்தன்மையன்று; பெறுபவரின் உரிமை. அலியின் தந்தையைப் போன்ற வணிகர்கள் ஆண்டுதோறும் கணக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டிய கடன் இது. உடல் வலிமையும் பொருள் வசதியும் உள்ளோர் வாழ்வில் ஒருமுறை மக்காவுக்குச் செல்லும் ஹஜ் ஐந்தாம் கடமை. இயலாதவர் மீது இக்கடமை இல்லை.

இக்கடமைகளை நாள்தோறும் நிறைவேற்றும்போது ஐயங்கள் பல எழும். கப்பலில் செல்பவர் எவ்வாறு தொழுவது, கூட்டு வணிகத்தில் ஜகாத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பன போன்ற வினாக்களுக்கு விடையளிப்பதும் வழக்குகளைத் தீர்ப்பதும் காஜியின் பணி. மாஹிம் அப்போது குஜராத் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தது. அகமதாபாத் நகரை 1411இல் நிறுவிய முதலாம் அகமது ஷா, மாஹிமின் காஜியாக மக்தூம் அலியை நியமித்தார் என்பர். அவர் பின்பற்றியது ஷாஃபி சட்டநெறி. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களில் பெரும்பாலோரும் இதே நெறியினர். உள்நாட்டு முஸ்லிம்கள் பெரிதும் ஹனஃபி நெறியினர். நம்பிக்கையில் இரு நெறியினருக்கும் வேறுபாடில்லை; தொழுகையில் கையை எங்கே கட்டுவது போன்ற நடைமுறைகளில் மட்டும் சிறு வேறுபாடுகள் உண்டு.

அவருடைய பெருமைக்கு உண்மையான சான்று, அரபு மொழியில் அவர் எழுதிய திருக்குர்ஆன் விரிவுரை. இந்திய மண்ணில் எழுந்த மிகப் பழைய முழுமையான விரிவுரைகளுள் அதுவும் ஒன்று. முஹம்மது நபிக்கு ஏறத்தாழ 23 ஆண்டுகளில், வெவ்வேறு சூழல்களில் சிறிது சிறிதாக அருளப்பட்டது திருக்குர்ஆன். அதில் 114 அத்தியாயங்கள் உள்ளன. முதன்முறை படிப்பவருக்கு ஒரு வசனத்திற்கும் அடுத்த வசனத்திற்கும் தொடர்பு உடனே புலப்படாமல் போகலாம். மக்தூம் அலி அந்தத் தொடர்பையே தேடினார். ஒவ்வொரு வசனமும் முன்னதிலிருந்து எவ்வாறு கிளைக்கிறது என்பதை வரி வரியாக விளக்கினார்.

அவ்விரிவுரையில் ஒரு புதுமை உண்டு. ஒன்பதாம் அத்தியாயம் நீங்கலாக, திருக்குர்ஆனின் அத்தியாயங்கள் அனைத்தும் பிஸ்மில்லாஹ் என்னும் தொடரோடு தொடங்குகின்றன. அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய இறைவனின் பெயரால் என்பது அதன் பொருள். 113 இடங்களிலும் சொற்கள் மாறுவதில்லை. ஒருமுறை விளக்கம் கூறிவிட்டு ஏனைய இடங்களைக் கடந்துசெல்வதே உரையாசிரியர்களின் பொது வழக்கம். மக்தூம் அலியோ, ஒவ்வோர் அத்தியாயத்தின் பொருளுக்கும் ஏற்ப அத்தொடருக்குத் தனித்தனியே விளக்கம் எழுதினார். முஸ்லிம்கள் உண்ணும்போதும் எழுதத் தொடங்கும்போதும் கதவைத் திறக்கும்போதும் நாவில் வரும் தொடர் அது. பழக்கத்தால் தேய்ந்துபோகக்கூடிய ஒரு சொல்லை அத்தனை முறை நின்று நோக்கிய பொறுமை, நீர்க்கிண்ணக் கதையைவிடவும் வியக்கத்தக்கது.

ஸ்பெயினில் பிறந்து 1240இல் டமாஸ்கஸில் மறைந்த ஞானி இப்னு அரபியின் கருத்துகளிலும் அவர் ஆழ்ந்து ஈடுபட்டார். அந்த ஞானியின் நூலுக்கு உரையும் எழுதினார். உண்மையான இருப்பு இறைவனுடையது ஒன்றே என்பது அக்கருத்துகளின் சாரம். இது படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள எல்லையை அழித்துவிடும் என்று அஞ்சி எதிர்த்த அறிஞர்கள் முஸ்லிம் உலகில் பலர் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஒருபுறம் சட்டம் உரைக்கும் காஜி, மறுபுறம் இத்தகைய மெய்ஞ்ஞானத்தில் தோய்ந்த எழுத்தாளர். இரண்டும் ஒருவரிடமே அமைந்தன.

வெளியூர் சென்று கற்காத அவருடைய விரிவுரை, 19ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டின் கெய்ரோவில் அச்சேறியது. கல்வி தேடி மாணவர்கள் செல்லும் நகரங்களுள் கெய்ரோவும் ஒன்று.

மக்தூம் அலி 1431இல் மறைந்தார் என்று கொள்வர். அவர் அடக்கத்தலம் நாளடைவில் தர்காவாயிற்று. நாகூரில் சந்தனக்கூடு எடுப்பதைப் போல மாஹிமிலும் சந்தன ஊர்வலம் வருகிறது. தர்காக்களில் வேண்டுதல் செய்வதை முஸ்லிம்கள் அனைவரும் ஏற்பதில்லை. வேண்டுதல் இறைவனிடம் மட்டுமே என்பது ஒரு சாராரின் உறுதியான கருத்து. இறைநேசரின் பொருட்டால் இறைவனிடமே வேண்டுகிறோம் என்பர் மறுசாரார். இக்கருத்து வேறுபாடு தாராவித் தெருக்களிலும் உண்டு, காயல்பட்டினத்திலும் உண்டு.

டிசம்பர் விழாவின்போது மாஹிமில் வரிசை நீண்டிருக்கும். கையில் மலர்த்தட்டு ஏந்தி உள்ளே செல்வோர் மக்தூம் அலியின் அடக்கத்தலத்தின் அருகிலேயே மற்றொன்றையும் காண்பர். அது அவருடைய தாயார் ஃபாத்திமாவினுடையது.