ரயில்வே உத்தியோகத்தை விட்டு வந்த நல்லூர்ச் சுவாமி

மீட்பு, இறையழைத்தல் என்ற இரண்டு சொற்களும் நமது பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் வினா விடையாகவே பெரும்பாலும் அறிமுகமாகின்றன. பாடமாக்கிச் சோதனை எழுதியதோடு மறந்தும் போகின்றன. இவற்றை ஒரு மனிதரின் வாழ்க்கையாகச் சொல்லிக் கொடுக்க யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகத் தேவையில்லை. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் இருக்கிறார்.

1875 ஆகஸ்ட் 30இல் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தபோது அவருடைய பெயர் வைத்திலிங்கம். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாயார் தங்கமுத்து, அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கரை மறுமணம் செய்தார். அதன் வழியாகவே மகனுக்கு ஞானஸ்நானமும் ஞானப்பிரகாசர் என்ற பெயரும் வந்தன. ஆகவே கிறிஸ்தவராக வேண்டும் என்பது அந்தச் சிறுவன் தானே எடுத்த முடிவு அல்ல. இன்றைய கத்தோலிக்கப் பிள்ளைகளில் மிகப் பலரைப் போல, விசுவாசம் அவருக்கும் வீட்டிலிருந்து வந்ததுதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்க் கத்தோலிக்கர் ஞானப்பிரகாசியார் என்று அழைக்கும் புனித அலோசியஸ் கொன்சாகா, இத்தாலியப் பிரபு குடும்பத்தின் மூத்த மகன். குடும்ப உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்தார். கொள்ளைநோய் கண்டவர்களைப் பராமரிக்கப் போய், 1591இல் 23 வயதில் இறந்தார். இளையோரின் பாதுகாவலர் அவர். யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கோ ஞானப்பிரகாசர் என்றதும் வேறொருவர் நினைவுக்கு வருவார்: பறங்கியருக்குப் பசுவைக் கொடுக்க மனமின்றி ஊரைவிட்டே போனதாகச் சொல்லப்படும் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர். இரண்டு மரபிலும் அந்தப் பெயர் எதையோ விட்டுப் போனவரின் பெயராக இருக்கிறது.

1893இல் இளைஞர் ஞானப்பிரகாசர் ரயில்வே எழுதுவினைஞர் வேலைக்கான பரீட்சையில் தேறினார். யாழ்ப்பாணத்துக்கு இன்னும் ரயில் வராத காலம் அது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம்பிய ஊரில், அந்த உத்தியோகத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளில் அதை விட்டுவிட்டு, 1895இல் யாழ்ப்பாணம் புனித மார்ட்டீன் குருமடத்தில் சேர்ந்தார். அப்போது வயது இருபது. ஞானஸ்நானம் மற்றவர்கள் பெற்றுத்தந்தது. அழைத்தலுக்குச் சொன்ன பதில் அவருடையது. உயர்தர வகுப்பில் என்ன படிப்பது, எந்த நாட்டுக்குப் போவது என்று தவிக்கும் வயதுக்காரருக்கு இந்த வேறுபாட்டைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

1901 டிசம்பர் 1இல் குருவானார். அமலமரித் தியாகிகள் சபையின் பிரெஞ்சுக் குருக்களே மறைமாவட்டத்தில் பெரும்பான்மையாக இருந்த காலத்தில், அதே சபையில் ஒரு தமிழராக நின்றார். 1904 தொடக்கம் நல்லூரே அவரது பணித்தளம். கந்தசுவாமி கோயிலின் ஊர், ஆறுமுக நாவலர் பிறந்த ஊர். அங்கே மீட்பை, அன்றைய கத்தோலிக்கர் வழக்கில் ஆத்தும ஈடேற்றத்தை, இறக்குமதிச் சரக்காக வைத்தால் யார் கேட்பார்? சைவ நூல்களை ஆழ்ந்து கற்றார். சிறு பிரசுரங்களாக எழுதிக் குவித்தார். சிற்றாலயங்கள் எழுந்தன, பலர் மதம் மாறினர்.

இது எல்லோருக்கும் உவப்பான கதை அல்ல. சைவர்களும் கிறிஸ்தவர்களும் கண்டன நூல்களால் மோதிக்கொண்ட காலம் அது. அந்தச் சண்டையில் சுவாமியும் இறங்கியவர்தான். அதை மறைத்துவிட்டு அவரைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் எதிர்ப்பக்கத்தாரின் நூல்களைப் படிக்காமல் பேசியவர் என்று அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படிப்பே அவரை மெல்ல மெல்ல வேறிடத்துக்கும் அழைத்துப் போனது. 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் வந்தது. பிறகு பல மொழிகளை ஒப்பிட்டுத் தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடும் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி. குருத்துவமும் தமிழும் அவருக்கு இரண்டு வேலைகளாக இருக்கவில்லை. கடவுளுக்கென்று போனால் படிப்பும் ஊரும் மொழியும் போய்விடும் என்று பயப்படும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

1947 ஜனவரி 22இல் அவர் காலமானபோது அகராதி முற்றுப்பெறவில்லை. சில பகுதிகளே அச்சில் வந்திருந்தன. அதே சொற்பிறப்புத் துறையில் உழைத்தவர் தாவீது அடிகள் என்ற மற்றொரு யாழ்ப்பாணக் குரு. 1981 மே மாதத்தில் அரசு சுவாமி ஞானப்பிரகாசருக்கு நினைவுத் தபால்தலை வெளியிட்டது. அந்த மாதத்தின் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர் துறந்தார்.