முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் நம்ம வயித்து உப்புசமும்

பிரசவத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித் தொகைய நம்மில் நிறைய பேரு வாங்கியிருப்போம். அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டின்னு பேரு. பாரத்துல எழுதுறோம், ஆனா அவங்க யாருன்னு நம்மில் பலருக்குத் தெரியாது. அதனாலதான் மலருக்கு எழுதக் கேட்டப்போ இவங்களப் பத்தி எழுதறேன்னு சொன்னேன்.

1886ல் புதுக்கோட்டையில பிறந்தாங்க. அப்பா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி குடும்பத்துல பிறந்தவங்க. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திட்டாங்க, வீட்டுலயே படிச்சு மெட்ரிக் பாஸ் பண்ணினாங்க. அதுக்கப்புறம் ஆம்பளப் பிள்ளைங்க மட்டும் படிச்ச மகாராஜா கல்லூரியில சேர எவ்வளவோ எதிர்ப்பு. மன்னர்தான் இடம் கொடுக்கச் சொன்னார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் பட்டம் வாங்கினாங்க. சட்டசபையில உறுப்பினர் ஆனதும், துணைத்தலைவரா உட்கார்ந்ததும், தேவதாசி முறைய ஒழிக்கப் பாடுபட்டதும், 1930ல் ஒளவை இல்லம் ஆரம்பிச்சதும் பாடப் புத்தகத்துலயே இருக்கு. எனக்கு மனசுல நின்னது வேற.

அவங்க தங்கச்சிக்கு வயித்துக்கோளாறு வந்துச்சு. சீதபேதின்னு நினைச்சு அதுக்கே வைத்தியம் நடந்துச்சு. கடைசியில பாத்தா மலக்குடல்ல புற்றுநோய். காலம் கடந்து போச்சு, சின்ன வயசுலயே 1923ல் இறந்துட்டாங்க. டாக்டர் இருக்கிற வீட்டுலயே இப்படின்னா நம்ம வீட்டுல என்ன கதி?

இன்னிக்கும் இதே மாதிரி ஏமாத்துறது சினைப்பைப் புற்றுநோய். சினைப்பை பாதாம்பருப்பு அளவுதான், அடிவயித்துக்குள்ள ஆழமா இருக்கு. சுத்தி இடம் இருக்கிறதால கட்டி வளர்ந்தாலும் ரொம்ப நாளு எதையும் அழுத்தாது. மார்புக் கட்டி மாதிரி கையில தட்டுப்படாது. அப்புறம் வர்ற தொந்தரவும் புதுசா இருக்காது. வயிறு உப்புசம், ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சு போறது, அடிவயித்து வலி, அடிக்கடி ஒண்ணுக்கு வர்றது, அசதி. இதுல எது நமக்கு வராம இருக்கு? கேஸ்னு ஓமத்தண்ணி, அல்சர்னு மாத்திரை, மாதவிலக்கு நிக்கிற வயசுன்னு ஒரு சமாதானம். சிப்காட் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போறவங்க ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சு. அடிவயித்துப் பேச்சுன்னா வீட்டு ஆம்பளைங்ககிட்ட சொல்லவும் கூச்சம். வயித்துல நீர் கோத்து வீங்கின பிறகுதான் நிறைய பேருக்குத் தெரிய வருது. அதுக்குள்ள அது சினைப்பையத் தாண்டிப் பரவியிருக்கும்.

இன்னொண்ணு. முகாம்ல கர்ப்பப்பை வாய்ல சோதனை எடுப்பாங்க பாருங்க, அது கர்ப்பப்பை வாய்க்கு மட்டும்தான். அது நல்லா இருக்குன்னு சீட்டு வந்தா சினைப்பையும் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. தொந்தரவு இல்லாதவங்களுக்கு முன்கூட்டியே இதைக் கண்டுபிடிக்க நம்பிக்கையான சோதனை இன்னும் வரல. அதனால தொந்தரவ நாமதான் கவனிக்கணும். மேல சொன்னது புதுசா ஆரம்பிச்சு மாசத்துல 12 நாளுக்கு மேல வந்தா, அதுவும் 50 வயச நெருங்கினவங்கன்னா, வயித்து ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வேணுமான்னு டாக்டர்கிட்ட வாயத் திறந்து கேக்கணும். அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ மார்பு, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தா அதையும் சொல்லிடணும். சினைப்பைக்குள்ள இருக்கும்போதே கண்டுபிடிச்சா 10 பேருல 9 பேரு அஞ்சு வருஷம் தாண்டி இருக்காங்க.

அம்மையார் தங்கச்சிய நினைச்சு அழுதுட்டு விட்டுடல. 1925ல் லண்டன் போய் மேல்படிப்பு படிச்சாங்க. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேணும்னு பல வருஷம் கேட்டாங்க. வந்தா சாவுதான்னு எல்லாரும் நினைச்ச காலம் அது, அரசாங்கமும் லேசுல ஒத்துக்கல. இந்திய மாதர் சங்கத்துப் பொம்பளைங்கள சேர்த்துக்கிட்டு நிதி திரட்டினாங்க. (சந்தா வசூல் பண்ற கஷ்டம் நமக்குத் தெரியாதா!) 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் அடையாறுல 12 படுக்கையோட ஆஸ்பத்திரி திறந்துச்சு. அவங்க மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே வேலை செஞ்சாரு, அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா அம்மா வந்து சேர்ந்தாங்க.

1968ல் அம்மையார் காலமானாங்க, வயசு 81. ஆஸ்பத்திரி இன்னும் அங்கேயேதான் இருக்கு. கும்மிடிப்பூண்டியில மின்சார ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கினா, அங்கிருந்து அடையாறுக்கு பஸ் இருக்கு.