பிலாட்டிஸ்: தடுப்பு முகாமில் மெருகேறிய உடற்பயிற்சி

பிலாட்டிஸ் கிளாஸுக்குப் போறீங்களா? அது ஒரு மனிதரின் பெயர்.

ஜோசப் பிலாட்டிஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தார். சின்ன வயசுல ஆஸ்துமா, ரிக்கெட்ஸ்னு நோஞ்சான் உடம்பு. அதைத் தேற்றத்தான் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை எல்லாம் பழகினார். பிறகு இங்கிலாந்து போனார். முதல் உலகப் போர் வந்ததும், ஜெர்மன்காரர் என்பதால் பிரிட்டிஷ் அரசு அவரைத் தடுப்பு முகாமில் அடைத்தது. கருவிகள் இல்லாமல், தரையில் படுத்தே செய்யும் பயிற்சிகளை அங்கே மெருகேற்றினார்.

1920-களில் நியூயார்க் போய், கிளாராவுடன் சேர்ந்து ஸ்டுடியோ தொடங்கினார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். அவர் தன் முறைக்கு வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. உடம்பை மனசு கட்டுப்படுத்தணும் என்பதே அதன் அடிப்படை. எத்தனை தடவை செய்றோம் என்பதைவிட, மூச்சைக் கவனித்து எவ்வளவு சரியா செய்றோம் என்பதுதான் முக்கியம். அந்த நேரத்தில் வேற யோசனைக்கு இடமில்லை. மனசுக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான்.

வயிறு, முதுகுத் தசைகள் வலுவாகும். நாள்பட்ட கீழ்முதுகு வலி குறையவும் இது உதவுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனா, மற்ற உடற்பயிற்சிகளைவிட உசத்தி என்பது நிரூபணமாகவில்லை.

1967-ல், 83 வயதில் அவர் இறந்தார். கன்ட்ராலஜி என்ற பெயர் மறைந்து, அவர் பெயரே நிலைத்தது.