ஆசிரியர்க்கு ஆசிரியர்

சைவமும் தமிழும் தழைக்க உழைத்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு நல்லூரிலே பிறந்தார். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு இச்செய்தி தனியே இனிக்கிறது.

பகலெல்லாம் பாடசாலையிற் படிப்பித்த அவர், காலையிலும் இரவிலும் தம் இல்லத்திலே மாணாக்கர் சிலருக்கு வேதனம் வாங்காது தமிழும் சைவமும் கற்பித்தார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன் வேலையையும் துறந்தார். அப்போது அவருக்கு வயது 25. கையிற் பொருளில்லை. அவரிடங் கற்ற இளைஞரே சம்பளமின்றி அங்கு ஆசிரியராய் நின்றனர்.

அனுபவமற்ற அவ்விளைஞரை நாவலர் தனியே தவிக்க விட்டாரல்லர். தாமும் உடனிருந்து படிப்பித்தார். வகுப்பிலே கைக்கொள்ளத்தக்க பாலபாடங்களை எழுதி அச்சிட்டுதவினார். அம்மாணாக்கருள் ஒருவரான சதாசிவப்பிள்ளை, 1879இல் நாவலர் மறைந்த பின்னர் அவருடைய கல்விப் பணியை ஏற்று நடத்தினார். ஆசிரியரை ஆதரித்தமையாலேயே பாடசாலை நிலைத்தது.

நமது மடுல்கெல்லைப் பகுதித் தோட்டப் பாடசாலைக்குப் புதிதாய் வரும் இளம் ஆசிரியர், நிறைந்த வகுப்பின் முன்னே முதல்நாள் தனியே நிற்கிறார். தடுமாறினால் யாரிடம் கேட்பார்? ஓய்வுபெற்ற ஆசிரியப் பெரியோர்களே, வாரத்தில் ஒரு மாலை அவருக்குத் தாருங்கள். இளைஞராகிய நாம் விளக்கேற்றிப் பாய் விரித்து வைக்கிறோம். நாவலர் பெருமானுக்கு நாம் செய்யும் குருபூசை அதுவே.