நந்தவனத்துக்குத் திரும்பியவர்

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819-இல் எழுதிய ஒரு கதைப்பாடல் என் பேத்திக்குக் கல்லூரிப் பாடமாக வந்திருக்கிறது. மாய அழகியிடம் மயங்கிய வீரன் ஒருவன், கடைசியில் குளிர்ந்த மலைச்சரிவில் தனியே அலைகிறான். இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கவிதை எங்கே தெரியும்! நினைவுக்கு வந்தவர் நம் ஸ்ரீரங்கத்துத் தொண்டரடிப்பொடி ஆழ்வார்தான்.

பன்னிரு ஆழ்வார்களில் ஒருவரான இவர் பிறந்தது திருமண்டங்குடியில், மார்கழிக் கேட்டையில். இயற்பெயர் விப்ரநாராயணர். மணம் செய்துகொள்ளாமல், திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து அரங்கனுக்குப் பூமாலையும் துளசிமாலையும் கட்டித் தந்து வந்தார்.

குருபரம்பரைக் கதை சொல்வது இது. உறையூரில் சோழ மன்னனைக் கண்டு திரும்பிய தேவதேவி என்னும் கணிகை, தமக்கையோடு அந்தத் தோட்டத்தில் இளைப்பாறினாள். இவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்குள் மயக்கிக் காட்டுவதாகத் தமக்கையிடம் பந்தயம் கட்டினாள். நகைகளைக் கழற்றிவிட்டுத் தோட்ட வேலை கேட்டு வந்தாள். ஒரு மழை நாளில் நனைந்து நின்றவளை இரக்கப்பட்டுக் குடிலுக்குள் அழைத்தார். அதன்பின் மாலை கட்டுவது நின்றது. கைப்பொருள் கரைந்ததும் அவள் வீட்டுக் கதவும் அடைபட்டது.

அப்போது அரங்கனே பணியாளாக வந்து, விப்ரநாராயணர் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி ஒரு பொன்வட்டிலை அவளிடம் தந்தான். விடிந்தால் கோயிலில் வட்டிலைக் காணோம். திருட்டுப் பழி இவர்மேல் விழுந்து, சிறைப்பட்டார். அரங்கன் மன்னன் கனவில் உண்மையைச் சொன்ன பிறகே விடுதலை.

கீட்ஸின் வீரன் மலைச்சரிவிலேயே நின்றுவிட்டான். இவரோ பழைய தொண்டுக்கே திரும்பினார். அடியார்களின் பாதத் தூசி என்ற பொருளில் பெயர் பெற்றார். 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையில் தம் குறைகளை ஒளிக்காமல் சொன்னார். தேவதேவியும் தன் செல்வத்தைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுத் தொண்டு செய்தாள் என்பார்கள்.

நான் வேலை பார்த்த கிளையில் ஊழியர் ஒருவர் தவறு செய்து, தண்டனை முடிந்து திரும்பினார். அவரோடு நான் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

மார்கழி விடியலில் பெருமாள் கோயில்களில் ஒலிக்கும் திருப்பள்ளியெழுச்சியின் 10 பாசுரங்களும் இவர் பாடியவையே. பெருமாளை எழுப்பும் பொறுப்பு, வழி தவறித் திரும்பி வந்தவருக்குக் கிடைத்திருக்கிறது. பேத்தியிடம் இதைத்தான் சொன்னேன்.